பதினேழாவது பெயர்

ஈரச் சணல் சாக்கின் மணம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மணம் மூக்கில் ஏறிய உடனே என் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது மட்டும் தெரியும். ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், ஸ்டோவ்னரில், நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை இருக்கிறது. முதற்பனி விழும் வாரத்தில் பனிச்சப்பாத்துகளை எடுக்க நான் அங்கே இறங்குவேன். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் அறைகளுக்கு நடுவே உள்ள நடையின் விளக்கு தானாக அணைந்துவிடும். அணைந்ததும் சுவரின் ஈரமும் யாரோ போட்டுவைத்த பழைய சாக்குகளின் மணமும் ஒன்றாக எழும்பும். யாரோ என் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தோன்றும். ஐம்பது வயதைத் தொடப்போகும் மனிதன், கையில் மகளின் சப்பாத்தோடு, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இருட்டில் நிற்பேன்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நோர்வேக்கு வந்த புதிதில், ஏன் அதோடு நிறுத்தினீர்கள் என்று அதிகாரி கேட்டபோது, சண்டையால் என்று சொன்னேன். மனைவியிடமும் மகளிடமும் அதையே சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான். மற்றப் பாதியை என் அம்மாகூட அறியாமல் செத்துப்போனா. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தின் வடகரையில், கடற்காற்று வகுப்புக்குள் மணலை அள்ளிப் போடும் இடத்தில் இருந்தது. அரைச்சுவர் வைத்த இரண்டு கொட்டகைகள், ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். ஐந்தாம் வகுப்புக்கு ரஞ்சிதம் ரீச்சர். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெரிய பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த காலத்தில், ஆசிரியர்கள் பலர் ஊரைவிட்டுப் போய்விட்டதால், சம்பளம் இல்லாமல் படிப்பிக்க வந்தவர். அப்படி வந்தவர்களை ஊரில் "தொண்டராசிரியர்" என்பார்கள். கணக்குத்தான் அவருடைய பாடம். ஆனால் எங்கள் வகுப்பில் எல்லாவற்றையும் அவரே படிப்பித்தார்.

அவருடைய கையில் எப்போதும் "இடாப்பு" இருக்கும். காலையில் பெயர் கூப்பிட்டு வரவு அடையாளம் இடும் அந்த நீளமான கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளால் உறை போட்டிருந்தார். மற்ற வகுப்புகளில் பெயர் கூப்பிட்டால் "வந்தேன்" என்று சொல்வார்கள். எங்கள் வகுப்பில் அது செல்லாது. "இருக்கிறன் ரீச்சர்" என்று சொல்ல வேண்டும். காலையில் வந்து பெயர் கொடுத்துவிட்டு வேலியின் ஓட்டையான பொட்டுக்குள்ளால் கடற்கரைக்கு ஓடிவிடுகிறவர்கள் எங்களில் இருந்தார்கள். அதனால் அவர் நினைத்த நேரத்தில், கணக்கு நடுவிலும், இடாப்பைத் திறப்பார். "நீ வந்தது எனக்குத் தெரியுமடா. இப்ப இருக்கிறியோ எண்டுதான் கேக்கிறன்" என்பார்.

எனக்கு அதுதான் நரகம். என் குரல் அப்போது கிளிக்குஞ்சின் குரல்போலக் கீச்சிடும். மூன்றாம் வகுப்பில் ஒருமுறை வாசிக்க எழும்பியபோது மொத்த வகுப்பும் சிரித்ததில் இருந்து, பலர் கேட்க வாயைத் திறப்பது எனக்கு இயலாமல் போயிற்று. இடாப்பில் நான் பதினேழாவது. பத்தாவது பெயரில் உள்ளங்கை வேர்க்கும். பதினான்கில் காது அடைக்கும். பதினாறில் ஒன்றும் கேட்காது. என் பக்கத்தில் இருந்த சிறி என்ற பெடியன் எனக்காகக் கத்துவான்: "இருக்கிறான் ரீச்சர், வாய்தான் வரேல்லை!" எல்லோரும் சிரிப்பார்கள். ரீச்சரும் சிரித்துக்கொண்டே அடையாளம் இடுவார். நானும் தப்பிவிடுவேன். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். ஒருநாள் மட்டும் ரீச்சர் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "சிறி வராத அண்டைக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக்கூடச் சிறிதான் பதில் சொன்னான்: "நான் ஏன் ரீச்சர் வராமல் விடப்போறன், வீட்டிலை இருந்தால் மாட்டுக்கெல்லோ புல்லுச் செத்தோணும்!"

அந்த ஆண்டில் இராணுவத்தின் ஹெலிகொப்டர், ஊரில் "ஹெலி" என்பார்கள், அடிக்கடி வந்து சுடத் தொடங்கியது. பெற்றோர் சேர்ந்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு "பங்கர்" வெட்டினார்கள். முழங்கை மடித்ததுபோல வளைந்த ஒரு குழி, மேலே பனங்குற்றிகள், அதன்மேல் மண் நிரப்பிய சணல் சாக்குகள், உள்சுவரிலும் சாக்குகள். முன்வாசல் வகுப்புப் பக்கம், பின்வாசல் கிணற்றுப் பக்கம். சத்தம் கேட்டால் வரிசையாக ஓடி இறங்க வேண்டும். எல்லோரும் இறங்கியதும் ரீச்சர் முன்வாசல் படியில் நின்று இடாப்புக் கூப்பிடுவார். உள்ளே இருட்டு, இடாப்பைத் திறந்தாலும் எழுத்துத் தெரியாது. அதைக் கையில் மூடிப் பிடித்தபடி மனத்தில் இருந்து சொல்லுவார். முதலில் நாங்கள் அதை விளையாட்டாகவே எடுத்தோம். பங்கருக்குள் பெயர் கூப்பிடும்போது சிறி மாடுபோலக் கத்திப் பதில் சொல்வான்.

பிறகு சிறிக்குக் "கொப்பளிப்பான்" வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். முதல் இரண்டு நாளும் என் பெயர் வந்தபோது எனக்காகக் கத்த யாரும் இல்லை. ரீச்சர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடையாளம் இட்டார். வெளிச்சத்தில் அவருக்கு என் குரல் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு, அதாவது பெருவிரலை வாய்ப்பக்கம் காட்டி, கிணற்றடிக்குப் போனேன். வாளியை வாயில் வைத்தபோது தகரத்தை யாரோ அடிக்கிறதுபோன்ற சத்தம் கடற்பக்கமிருந்து வந்தது. நான் வகுப்புக்குத் திரும்பி ஓடவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் பின்வாசல் இருந்தது, அதற்குள் குதித்தேன். அந்த மூலையில் சாக்குகள் முதல்நாள் மழையில் ஊறிக் கனத்திருந்தன. அவற்றுக்கும் மண்ணுக்கும் இடையில் நான் ஒடுங்கிக்கொண்டபோது முன்வாசலால் மற்றப் பிள்ளைகள் வந்து விழும் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் யாரோ ஒரு பெடியன் வந்து குந்தினான். என் முழங்கால் அவன் முதுகில் இடித்தது. அது யாருடைய முழங்கால் என்று அந்த நேரத்தில் எவன் பார்ப்பான்? மேலே நிலம் அதிர்ந்தது. பனங்குற்றிகளின் இடுக்கால் மண் தலையில் கொட்டியது. சிலர் அழுதார்கள். அந்த அழுகைக்கு மேலாக ரீச்சர் முதலாவது பெயரைச் சொன்னார்.

"இருக்கிறன் ரீச்சர்." "இருக்கிறன் ரீச்சர்." ஒவ்வொரு குரலும் நடுங்கி வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு முடிந்தது. என் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து, இடாப்பில் உள்ளபடியே சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. சாக்கின் ஈரமும் மண்ணும் நாக்கில் பட்டன. காற்று மட்டும் வந்தது. ரீச்சர் சற்று நின்றார். பிறகு மற்றப் பெயர்களைக் கூப்பிட்டார். சிறியின் பெயரை, அவன் வரவில்லை என்பதால், விட்டுவிட்டார். முடித்ததும் மறுபடி என் பெயருக்கு வந்தார். ஐந்து பெயர்களின் நேரம் எனக்குக் கிடைத்திருந்தது. அந்த நேரம் முழுவதும் நான் பயந்தது மேலே பறந்ததற்கு இல்லை. இவ்வளவு பிந்திப் பதில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் பயந்தேன். பத்து வயதில் ஒருவனுக்கு எந்தப் பயம் பெரியது என்று அவனுக்கே தெரிவதில்லை.

"அவன் தண்ணி குடிக்கப் போனவன் ரீச்சர்" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொன்னாள்.

மூன்றாம் முறை ரீச்சர் என் பெயரைக் கத்தினார். பிறகு, "ஒருத்தரும் அசையக் கூடாது, நான் வாறன்" என்றார். படியில் அவருடைய செருப்பு இரண்டுதரம் சடக் சடக் என்று கேட்டது. வளைவில் விழுந்த முன்வாசல் வெளிச்சம் ஒருமுறை மறைந்து திரும்ப வந்தது.

அதன் பிறகு வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

புழுதி அடங்கியதும் நான் பின்வாசலால் ஊர்ந்து வெளியே தலையை நீட்டினேன். ரீச்சர் கிணற்றுக் கட்டோடு சாய்ந்து இருந்தார். அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. இடது கைப் பக்கம் சேலை நிறம் மாறியிருந்தது. கலண்டர் உறை போட்ட இடாப்பு மண்ணில் விரிந்து கிடந்தது. அவர் கடற்பக்கம் பார்த்து, அந்த நிலையிலும், என் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தடி இருக்கும். முன்னால் போய் நின்றிருந்தால் போதும், குரலே தேவையில்லை. நான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் அம்மா ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தா. ஊர் முழுவதும் அன்றைக்கே இடம்பெயர்ந்தது. யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து, நாங்கள் ஒதுங்கியிருந்த கோயில் மடத்தில் யாரோ செய்தி கொண்டுவந்தார்கள்: ரஞ்சிதம் ரீச்சர் வெளியில் நின்ற ஒரு பிள்ளையைத் தேடிப் போய்க் காயப்பட்டவ, கை இனிச் சரிவராதாம், கொழும்புக்கு அனுப்பியாயிற்றாம், அந்தப் பிள்ளை கிடைக்கவில்லையாம். அம்மா கேட்டுவிட்டு என் தலையைத் தடவினா. "ஆர் பெத்த பிள்ளையோ. அந்தத் தாய் எப்பிடித்தான் தாங்குறாளோ" என்று சொல்லி அழுதா. தடவிய கைக்குக் கீழே நான் கல்லாக இருந்தேன்.

புதிய ஊரில் என்னை ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். முதல் நாள் ஆசிரியர் இடாப்பைத் திறந்தார். மூன்றாவது பெயரிலேயே நான் எழும்பி ஓடிவிட்டேன். அடுத்த நாளும் ஓடினேன். அப்பா அடித்தார், அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. ஒன்றும் பலிக்கவில்லை. இப்படித்தான் என் படிப்பு முடிந்தது.

நோர்வேக்கு வந்தபோது, உண்மையைச் சொன்னால், இந்த நாடு எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் இலக்கங்கள். முதலில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். கத்தியிலும் அதே இலக்கம், மேலங்கியிலும் அதே இலக்கம். ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தபோது மருந்துக்கடையிலும் அலுவலகங்களிலும் "கோலாப்" என்ற இலக்கத் துண்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். திரையில் இலக்கம் வரும், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வைத்தியர் மட்டும் கதவைத் திறந்து பெயரைச் சொல்லுவார். அதனால் நான் எப்போதும் கதவுக்கு நேரே இருந்து, அவர் வாயைத் திறக்க முன்னம் எழும்பிவிடுவேன். இப்போது சுரங்க ரயில்களைத் துப்புரவாக்கும் வேலை. பெட்டி பெட்டியாக, யாருடனும் கதைக்காமல் நடக்கலாம்.

சென்ற வசந்தத்தில், பனி உருகி நடைபாதையில் சரளைக்கல் மட்டும் மிஞ்சியிருந்த நாட்களில், மகள் ஆரணி தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் இங்கே பிறந்தவள், பதினேழு வயது. "அப்பா, இவ உங்கட ஊராம். தமிழ்ப் பள்ளிக்கு வாறா. நான்தான் அவவைப் பற்றி ஃபூரெட்ராக் செய்யப்போறன்" என்றாள். மேடையில் பேசுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

படத்தில் ஒரு வெள்ளைத்தலைப் பெண்மணி வலது கையை உயர்த்திப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டிருந்தார். இடது கை ஒரு புத்தகத்தின்மேல் இருந்தது. இருந்தது என்பதைவிட, யாரோ எடுத்து வைத்துவிட்டதுபோலக் கிடந்தது. முகத்தைப் பார்க்க முன்னம் எனக்கு அந்தக் கை தெரிந்துவிட்டது.

ஆரணி வாசித்துக் காட்டினாள். கொழும்பில் இருந்து அண்ணன் வீட்டுக்கு அமெரிக்கா போனார். மடியாத கையோடு ஒரு பள்ளிச் சமையலறையில் தட்டுக் கழுவினார். வேலை முடிந்து படித்தார், ஒருமுறை தவறி மறுமுறை தேறினார், அதே பள்ளியில் கணக்கு ஆசிரியரானார். பல ஆண்டுகள் கழித்து, ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு பள்ளியை அதிகாரிகள் மூடப் போனபோது கூட்டத்தில் எழும்பிக் கதைத்தார். அந்தப் பேச்சு அவரைப் பள்ளிச் சபைக்குக் கொண்டுபோனது. பிறகு மாநிலச் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார்; அடுத்ததில், பழைய மாணவர்கள் பனியில் வீடு வீடாக ஏறி இறங்க, வென்றார். அவர் கொண்டுவந்த முதற் சட்டம் பள்ளிப் பேருந்துகளைப் பற்றியது. பிள்ளைகள் இறங்கியதும் சாரதி கடைசி இருக்கைவரை நடந்து, உறங்கிப்போன பிள்ளையோ ஒளிந்த பிள்ளையோ இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கதவைப் பூட்ட வேண்டும்.

"எல்லா இடத்திலையும் ஒரு கதை சொல்லுறா அப்பா" என்றாள் மகள். "பங்கருக்கை பெயர் கூப்பிட்டவவாம். ஒரு பிள்ளை மட்டும் பதில் சொல்லேல்லையாம். அந்தப் பிள்ளை செத்துப்போச்சு. அதின்ரை அம்மாவுக்காகப் பெயரை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டாவாம். அந்தப் பிள்ளைக்காகத்தான் இவ்வளவும் செய்யிறன் எண்டு சொல்லியிருக்கிறா. ஐயோ அப்பா, ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

அடுத்த மூன்று வாரமும் நான் பட்ட பாட்டுக்குப் பெயர் பயம்தான், வேறொன்றும் இல்லை. வாய் திறக்காவிட்டால் அவர் சாகாத பிள்ளைக்காகச் சாகும்வரை அழுதுகொண்டிருப்பார். திறந்தால், இவ்வளவு காலமும் ஆயிரம் பேருக்கு முன்னால் அவர் சொன்ன கதை பொய்யாகும். அந்தக் கைக்குக் காரணம் சண்டை மட்டும் இல்லை, ஒரு கோழைப் பயல் என்று ஆகும். அந்தக் கோழை தன் தகப்பன் என்று என் மகளுக்குத் தெரியும். வேலையில் ஒரு நாள் ரயில்பெட்டியின் கடைசி இருக்கைக்கு வந்து, துடைக்கும் துணியோடு அதிலேயே இருந்துவிட்டேன். அடுத்த பெட்டியில் நின்ற நோர்வேக்காரன் வந்து சுகமில்லையா என்று கேட்டான். தலையாட்டினேன்.

ரீச்சர் வந்த சனிக்கிழமை பிற்பகல், தமிழ்ப் பள்ளி மண்டபத்தில், வழக்கம்போல நான் சமையலறையில் நின்றேன். கூட்டங்களில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். தேநீர் ஊற்றுகிறவனிடம் யாரும் பேசச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். பள்ளிப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, தேத்தண்ணி போடுறதுக்குக் கோட்டோ? பொம்பிளை பாக்கவோ போறியள்?" என்றார். பிறகு ஒரு கோப்பையைக் காட்டினார். "சீனி போடாமல் பக்கத்து வகுப்பறைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ. தனிய இருந்து பேச்சை ஒருக்காப் பாக்கிறா. கை நடுங்காமல் போங்கோ, அமெரிக்கச் சட்டசபைக்குத் தேத்தண்ணி!"

ரீச்சர் சின்னப் பிள்ளைகளின் கதிரையில், முழங்கால் உயர்ந்து நிற்க, இருந்தார். இடது கை மேசையில் கிடந்தது. வலது கையில் பேனை. கோப்பையை வைத்தேன்.

"நன்றி தம்பி. நீங்கள் எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னேன். பேனை நின்றது. "எங்கட ஊரோ? ஆற்றை பிள்ளை நீங்கள்?"

கோப்பையின் பிடியை அவருடைய வலது கைப் பக்கம் திருப்பி வைத்தேன்.

"பேர் என்ன தம்பி?"

மறுபடியும் அந்தக் காற்று. பனங்குற்றி, சாக்கு, மண். அவர் இன்னொருமுறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. பேனையை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, வகுப்பில் பார்த்ததுபோல என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இருக்கிறன் ரீச்சர்."

குரல் கீச்சிட்டது. இத்தனை வயதுக்குப் பிறகும் அதே கிளிக்குஞ்சு. அவருடைய முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். மெதுவாக, அப்பாவின் பெயரோடு சேர்த்து, இடாப்பில் இருந்தபடியே என் பெயரைச் சொன்னார். தலையாட்டினேன்.

"கிணத்தடியிலையோ நிண்டனீ?"

"இல்லை ரீச்சர். உள்ளுக்கைதான். பின்வாசலாலை வந்திட்டன்."

"நான் கூப்பிட்டது கேட்டதோ?"

"மூண்டு தரமும் கேட்டது."

அவர் கண்ணை மூடினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். "அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"தவறிப்போயிட்டா ரீச்சர்."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"இவ்வளவு காலமும் உன்ரை அம்மாட்டை மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத்தானடா ஒவ்வொரு நாளும் எழும்புறனான்." அவருடைய குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போ. கதவைச் சாத்திப்போட்டுப் போ. நான் இப்ப கதைக்கோணும்."

மண்டபத்தின் பின்சுவரோடு, பெரிய தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஆரணி மேடையில் அவரை அறிமுகப்படுத்தினாள். பதில் சொல்லாத பிள்ளையைப் பற்றி அழகாகச் சொன்னாள். அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். வாசல் எத்தனை அடி என்று கணக்குப் போட்டேன்.

ரீச்சர் கையில் இருந்த தாளை மடித்து வைத்துவிட்டுத் தொடங்கினார். பங்கரைச் சொன்னார், மழையைச் சொன்னார், பெயர்களைச் சொன்னார். "பதினாறு பேர் பதில் சொல்லிச்சினம். பதினேழாவது பெயருக்குப் பதில் இல்லை" என்று சொல்லி நிறுத்தினார். மண்டபத்தில் ஒரு குழந்தை அழுதது. தாய் அதை வெளியே கொண்டுபோனாள்.

"இதுக்குப் பிறகு உள்ளதை நான் கன இடத்திலை பிழையாச் சொல்லியிருக்கிறன்" என்றார். "அந்தப் பிள்ளை வெளியிலை நிக்கேல்லை. உள்ளுக்கைதான் இருந்தது. பயத்திலை அதுக்கு வாய் வரேல்லை. வாய் வராத பிள்ளை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இடாப்பை நம்பினன். கடைசிச் சீற் வரைக்கும் நடந்து பாருங்கோ எண்டு ஒரு மாநிலத்துக்கே சட்டம் போட்டனான். அண்டைக்கு நான் அந்தப் பங்கரின்ரை கடைசி வரைக்கும் போய்க் கையாலை தடவிப் பாக்கேல்லை. பத்தடி. அவ்வளவுதான்."

முன்வரிசையில் இருந்து ஒரு வயதானவர் பொறுக்காமல் கேட்டார்: "அப்ப, அந்தப் பிள்ளை உயிரோடையோ?"

"உயிரோடைதான்."

"ஆர் ரீச்சர் அது?"

அவர் பின்சுவரைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் விட்டார். "அது அவன்ரை பேர். எப்பவாவது அவன் சொல்லட்டும். நான் ஒருக்கா அதைக் கத்திக் கத்திக் கூப்பிட்டுப் பாத்திட்டன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மடியாத கையை மற்றக் கையால் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, பள்ளிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

நான் அப்போதும் சொல்லவில்லை. இருநூறு கண்களுக்கு முன்னால் அது என்னால் முடியவில்லை.

கூட்டம் முடிந்து அவர் காரில் ஏற முன்னம் சமையலறை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். வலது கையை நீட்டி என் தோளைத் தொட்டார். பிறகு கை கீழே இறங்கி முழங்கைவரை தடவிக்கொண்டு வந்து நின்றது, இருட்டில் ஒரு பொருளைத் தேடுகிறவர்களின் கைபோல. "தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஆரணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு தரிப்பிடம் போனது. "அப்பா, அது நீங்களோ?" என்றாள்.

தலையாட்டினேன்.

இன்னும் மூன்று தரிப்பிடம் போனது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. ஸ்டோவ்னர் வந்ததும் எழும்பினாள். "கதைக்கத்தானே பயம்? எழுதப் பயமில்லையே? எழுதுங்கோவன்" என்றாள். படிக்கட்டில் ஏறும்போது, "அரைவாசித் தேத்தண்ணியை நிலத்திலை ஊத்தினீங்கள், எல்லாரும் பாத்தவை" என்று சேர்த்துச் சொன்னாள். என் கோட்டின் கையை அவள் பிடித்திருந்தாள். வீட்டு வாசல்வரை விடவில்லை.

எழுத எனக்கு ஏழு மாதம் பிடித்தது. எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வெறும் பற்றைக்காடுதான் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். பங்கரை யாரோ தூர்த்துவிட்டார்கள். கிணற்றுக் கட்டு இடிந்து கிடக்கிறதாம். கலண்டர் உறை போட்ட அந்த இடாப்பு எந்த மழையில் கரைந்ததோ தெரியாது. எனக்காகப் பதில் சொல்லச் சிறியும் இல்லை. கொப்பளிப்பான் மாறி எழும்பியவன், அடுத்த ஆண்டு வேறொரு நாளில் வேறொரு சத்தத்தில் போய்விட்டான். இந்த நோர்வேயில் எல்லாம் இலக்கமாகிவிட்டது. பெயரை வரிசையாகச் சொல்லி, நீ இருக்கிறாயா என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கும் ஒரு குரலை நான் இங்கே எங்கும் கேட்டதில்லை. அந்தக் குரலுக்குத்தான் வாழ்நாள் முழுவதும் பயந்து ஓடினேன்.

நேற்றும் நிலவறைக்கு இறங்கினேன். விளக்கு அணைந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சாக்கு மணந்தது, தொண்டை அடைத்தது. ஆனால் இந்த முறை ஓடாமல், கையால் சுவரைத் தடவிக்கொண்டு கடைசிக் கதவுவரை நடந்து போனேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்து இந்தத் தாளை முடிக்க உட்கார்ந்தேன்.

பதினேழாவது பெயர், கந்தையா நவரத்தினம்.

இருக்கிறன் ரீச்சர்.